வீட்டோட முடங்கிட்டவங்களைப் பார்க்கப் போறீங்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு பதில் எழுதும்போது, கோயிலுக்கு வர முடியாம வீட்டோட முடங்கிட்டவங்களைப் போய்ப் பார்க்க ஒவ்வொரு பங்குலயும் சபையிலயும் ஒரு சின்ன டீமாவது இருக்கணும்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. பார்க்கப் போறவங்க, வீட்ல வச்சுப் பார்த்துக்கிறவங்க, படுத்திருக்கிறவங்கன்னு மூணு பக்கத்துல இருந்தும் எழுதியிருக்கீங்க, அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். கத்தோலிக்கப் பங்கு, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தேன்னு எல்லா இடத்துல இருந்தும் கேள்வி வந்திருக்கு, முறை மாறுற இடத்துல மட்டும் தனியா சொல்றேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, பெருங்குடியில ஐடி வேலை. எங்க சர்ச்ல நோயாளிகளையும் வயசானவங்களையும் வீட்ல போய்ப் பார்க்க ஆள் வேணும்னு அறிவிப்பு சொன்னாங்க, பேர் கொடுத்துட்டேன். இப்போ பயமா இருக்கு. எனக்கு சத்தமா ஜெபம் பண்ண வராது, வசனம் மனப்பாடமா தெரியாது, படுத்திருக்கிறவங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல. நான் போய் என்ன பிரயோஜனம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி, பேர் கொடுத்ததே பெரிய விஷயம். இந்த வேலைக்கு வர்றவங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்கதான், அவங்களுக்கே முட்டி வலி, ஹவுசிங் போர்டு மூணாவது மாடின்னா ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிடுது. வின்சென்ட் தே பவுல் சபைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஏழைங்க வீட்டுக்கு நேர்ல போய்ப் பார்க்கிறதுதான் அவங்க முக்கிய வேலை, அதை 1833-ல பாரிஸ்ல ஆரம்பிச்ச ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போ வயசு 20, காலேஜ் மாணவர், கூட இருந்ததும் அவர் மாதிரி சின்னப் பசங்கதான். அவங்களும் ரோசலி ராந்துன்னு ஒரு கன்னியாஸ்திரி கூட்டிட்டுப் போய் வீடு காட்டி சொல்லிக் கொடுத்துதான் கத்துக்கிட்டாங்க. நீங்களும் முதல்ல ரெண்டு மூணு தடவை அனுபவமான ஒருத்தர் கூடப் போய் சும்மா உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறமும் தனியா போக வேண்டாம், எப்பவும் ரெண்டு பேரா போறதுதான் நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு அந்த வீட்டுக்கும் பாதுகாப்பு.

பேச்சைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, நீங்க போறதே அவங்க பேசுறதைக் கேட்கத்தான். ஆனா ஒண்ணு, "உடம்பு எப்படி இருக்கு"ங்கிற கேள்வியோட நின்னுடாதீங்க, அதை அவங்க நர்ஸ்கிட்ட, டாக்டர்கிட்ட, அமெரிக்காவுல இருந்து வீடியோ கால்ல வர்ற புள்ளைகிட்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லி சலிச்சிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்ட்ரோக் வந்து வலது கை சுத்தமா விழுந்துடுச்சு, பேச்சும் கொஞ்சம் குழறும். உடம்பைக் கேட்டா "இருக்கு" அவ்ளோதான், சுவத்தைப் பார்த்துப்பார். ஒரு நாள் கூட வந்த பையன் "தாத்தா ஒரு கோச்சை எங்க இருந்து சேர்க்க ஆரம்பிப்பாங்க"ன்னு கேட்டான், அவ்ளோதான், மனுஷன் இடது கையால பெட்ஷீட் மேலயே கோடு போட்டு இது அடித்தட்டு, இது சைடு, இங்க கூரை வந்து உட்காரும்னு காட்ட ஆரம்பிச்சுட்டார், அன்னைக்கு அவர் பேசினதுல பாதி எங்களுக்குப் புரியல ஆனா அவர் நிறுத்தவே இல்ல, அவங்க வீட்டம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து வாசப்படியில நின்னு பார்த்தாங்க. அந்த மாதிரி ஒரு கேள்வி போதும். பழைய பாஸ்டர் யாரு, இந்தக் கோயில் கட்டும்போது நீங்க இருந்தீங்களா, கிறிஸ்துமஸ் பாட்டு பவனிக்கு எந்தெந்தத் தெருவெல்லாம் போவீங்கன்னு கேட்டுப் பாருங்க, நீங்க வாயே திறக்க வேண்டாம்.

ஜெபம்னா, முதல்ல "ஜெபம் பண்ணலாமா"ன்னு கேளுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. சரின்னா "எதுக்காகப் பண்ணட்டும்"னு கேளுங்க. பாதிப்பேர் தன் உடம்புக்குக் கேட்க மாட்டாங்க, பேத்தி பரீட்சைக்குக் கேட்பாங்க, வேலை போன மருமகனுக்குக் கேட்பாங்க. அவங்க சொன்னதையே உங்க வார்த்தையில ரெண்டு வாக்கியம் சொன்னா அது ஜெபம், அதுக்கு மேல சத்தமும் வேண்டாம் நீளமும் வேண்டாம். பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நோய்ல கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் ஏழு ராத்திரி அவரோட தரையில உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசல, அதுவரைக்கும் அவங்க நல்ல நண்பர்களாதான் இருந்தாங்க. வாயைத் திறந்து உனக்கு ஏன் இது வந்துச்சுன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. அதனால "கடவுள் சோதிக்கிறார்", "எல்லாம் நன்மைக்கே" இதெல்லாம் சொல்லாதீங்க, படுத்திருக்கிறவங்களா அதைச் சொன்னா கேட்டுக்கோங்க.

மத்தது சின்னச் சின்ன விஷயம்தான். முந்தின நாளே போன் பண்ணி நேரம் கேளுங்க. காலையில தண்ணி பிடிக்கிற நேரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், சாயங்காலம் சீரியல் நேரம் மூணும் வேண்டாம், 11 மணி வாக்குல இல்லேன்னா 4 மணிக்கு மேல சரியா இருக்கும். கேட்டட் கம்யூனிட்டின்னா செக்யூரிட்டில பேர் சொல்லி வைக்கச் சொல்லுங்க. நின்னுக்கிட்டுப் பேசாதீங்க, சேர் இழுத்துப் போட்டு அவங்க கண் மட்டத்துக்கு உட்காருங்க, கட்டில் மேல கேட்காம உட்காராதீங்க. காது கேட்கலேன்னா கத்தாதீங்க, டிவியை நிறுத்தச் சொல்லிட்டு எந்தக் காது நல்லா கேட்குமோ அந்தப் பக்கம் போய் மெதுவா பேசுங்க. அரை மணி நேரம் போதும், அவங்க களைச்சுட்டா அதுக்கு முன்னாடியே கிளம்புங்க. கிளம்பும்போது "அப்பப்போ வரேன்"னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, அதை நம்பி வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவைதான் முடியும்னா மாசத்துக்கு ஒரு தடவைன்னே சொல்லுங்க, ரெண்டாவது சனிக்கிழமைன்னு சொன்னா ரெண்டாவது சனிக்கிழமை நில்லுங்க, ஆபீஸ்ல ரிலீஸ் இருந்து வர முடியலேன்னா காலையிலயே போன் போடுங்க. நல்லாப் பேசத் தெரிஞ்சு ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போறவரை விட, பேசத் தெரியாம மாசா மாசம் வர்ற பையன் வேணும் அவங்களுக்கு.

கேள்வி: என் மாமியாருக்கு கிட்னி ஃபெயிலியர், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். சர்ச்ல இருந்து நாலஞ்சு பேரா சொல்லாம கொள்ளாம வந்துடறாங்க. காபி போடணும், வீடு அலங்கோலமா இருக்கும், நான் நைட்டியோட இருப்பேன். போன வாரம் ஒருத்தங்க என் முகத்துக்கு நேரா "ஏன் இப்படி இளைச்சுட்டாங்க, வேளாவேளைக்கு சாப்பாடு கொடுக்கிறியாம்மா"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். வராதீங்கன்னு சொன்னா பாவமா?
– வாசகி, அயனாவரம்

பதில்: பாவம் இல்லம்மா. நீங்களே சொல்லத் தயங்கினா ஆயரம்மாகிட்டயோ (பாஸ்டரோட வீட்டம்மா) பெண்கள் ஐக்கிய சங்க செக்ரட்டரிகிட்டயோ சொல்லுங்க, "டயாலிசிஸ் இல்லாத நாள்ல, முன்கூட்டி போன் பண்ணிட்டு, ரெண்டு பேர் மட்டும் வாங்க, காபி டீ கிடையாது" அப்படின்னு நேராவே சொல்லலாம். டயாலிசிஸ் முடிஞ்சு வந்த அன்னைக்கு அவங்களுக்கு எழுந்து உட்காரவே தெம்பு இருக்காது, அன்னைக்கு நாலு பேர் சுத்தி நின்னு பாட்டுப் பாடினா அது யாருக்கு ஆறுதல்?

இப்போ பார்க்கப் போறவங்களுக்கு சொல்றேன், கொஞ்சம் கோவத்தோடதான் சொல்றேன். கிட்னி ஃபெயிலியர்ல சாப்பாடு, தண்ணி எல்லாமே டாக்டர் சொன்ன அளவுதான், இளைக்கிறது அந்த நோயோட வேலை. அந்த வீட்டு மருமகள் உப்பை அளந்து, தண்ணியை டம்ளர் கணக்குல அளந்து, டயாலிசிஸ் சென்டருக்கு ஆட்டோ பேசிக் கூட்டிட்டுப் போய், ஊசி குத்துற கையில அடிபடாம பார்த்துக்கிட்டு இருக்கா, நீங்க அரை மணி நேரம் வந்துட்டு அவளைக் குத்தம் சொல்லிட்டுப் போறீங்க. அதோட கையில வாங்கிட்டு வர்றதையும் கொஞ்சம் யோசிங்க. நோயாளின்னா இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ்னு நமக்கு ஒரு பழக்கம், ஆனா இது மூணுலயும் பொட்டாசியம் ஜாஸ்தி, கிட்னி போனவங்க உடம்பு அதை வெளியேத்தாது, ரத்தத்துல ஏறினா இதயத் துடிப்பே தாறுமாறா ஆகி உயிருக்கே ஆபத்தாயிடும். அன்பா வெட்டிக் கொடுத்த இளநீர்தான் ஆனா அது விஷம் மாதிரி வேலை செய்யும். சுகர்காரங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். ஸ்ட்ரோக் வந்து முழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்கு உங்க கையால எதுவும் ஊட்டாதீங்க, ஒரு வாய்த் தண்ணி கூட நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். கீமோ ஓடிக்கிட்டு இருக்கிறவங்க வீட்டுக்கு சளி இருமலோட போகவே போகாதீங்க, போன் பண்ணி இன்னொரு நாள் வரேன்னு சொல்லுங்க. எந்த வீடா இருந்தாலும் உள்ள போனதும் கை கழுவுங்க. என்ன வாங்கிட்டு வரட்டும்னு போன்லயே கேட்டுட்டா பிரச்சினையே இல்ல, அடல்ட் டயாபர் பாக்கெட் ஒண்ணு வேணும்னு சொல்லுவாங்க, அது எவ்ளோ விலைன்னு வாங்குறவங்களுக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு நிஜமா என்ன உதவி வேணும்னு நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். யாராவது ரெண்டு பேர் வந்து மாமியார் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா நீங்க பேங்குக்குப் போகலாம், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முழுசா உட்காரலாம், இல்ல சும்மா கதவைச் சாத்திட்டு தூங்கலாம். அதைக் கேளுங்கம்மா, கூச்சப்படாம கேளுங்க. விசிட் டீம்ல இருக்கிறவங்களும் நோயாளியைப் பார்த்துட்டு அப்படியே கிளம்பாம சமையல்கட்டு வரைக்கும் போய் "நீ எப்படிம்மா இருக்க, நைட்டு தூங்குறியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. இன்னொரு விஷயம், 2021 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு திட்டம் இருக்கு, பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கான வலி நிவாரண சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வந்து பார்க்கிறதுக்குத்தான் ஆரம்பிச்சாங்க. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல மாமியார் பேரைப் பதிஞ்சு வைங்க. விசிட் போறவங்களே அந்த நிலையத்துக்குப் போய் கேட்டு வந்து சொன்னா இன்னும் நல்லது, மருமகளுக்கு அதுக்குக் கூட வெளியில போக நேரம் இருக்காது.

கேள்வி: எனக்கு 74 வயசு. இடுப்பு எலும்பு முறிஞ்சதுல இருந்து கோயிலுக்குப் போக முடியல, வாக்கர் வச்சு பாத்ரூம் வரைக்கும் போறேன். பாடகர் குழுவுல முப்பது வருஷத்துக்கு மேல பாடினேன். மாசம் ஒரு தடவை நற்கருணை (பூசையில கொடுக்கிற அப்பம்) கொண்டு வராங்க, வந்து கொடுத்துட்டு பத்து நிமிஷத்துல அடுத்த வீட்டுக்குப் போயிடறாங்க. அவங்க எப்போ வருவாங்கன்னு தெரியாததால அன்னைக்குக் காலையில சாப்பிடாம, சுகர் மாத்திரையும் போடாம காத்துக்கிட்டு இருப்பேன், ரெண்டு தடவை மயக்கம் வந்துடுச்சு. இதையெல்லாம் கேட்டா தப்பா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதல்ல அந்த உபவாசத்தை இன்னைக்கே விடுங்க. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பிடக் கூடாதுங்கிற ஒழுங்கு வயசானவங்களுக்கும் நோயாளிகளுக்கும் அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் கிடையாது. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்புல 919-வது சட்டத்துலயே தெளிவா இருக்கு. தண்ணியும் மருந்தும் யாருக்குமே உபவாசத்தைக் கெடுக்காது. நீங்க இட்லி சாப்பிட்டு, டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரை போட்டுட்டு நிம்மதியா வாங்கலாம், ஆண்டவர் உங்களை மயக்கம் போட்டு விழச் சொல்லல. நற்கருணை கொண்டு போற பணியாளர்கள் இதை ஒவ்வொரு வீட்லயும் வாய்விட்டு சொல்லணும், ஏன்னா நடுராத்திரியில இருந்தே எதுவும் சாப்பிடாம இருக்கிற பழைய காலத்து உபவாசத்தை இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கிற பாட்டிங்க நிறைய பேர் இருக்காங்க, கேட்டா மட்டும்தான் தெரியவரும். முழுங்கக் கஷ்டமா இருந்தா சின்னத் துண்டா கொடுத்து கொஞ்சம் தண்ணியும் கொடுக்கலாம்.

பத்து நிமிஷத்துல கிளம்பிடறாங்கன்னு நீங்க எழுதினது நியாயமான வருத்தம். அவங்க மேலயும் முழுத் தப்பில்ல, ஒரு காலையில நிறைய வீடு முடிக்கணும், சிமிழ்ல நற்கருணையை வச்சுக்கிட்டு வழியில நின்னு அரட்டை அடிக்கவும் கூடாது. அதனால நற்கருணை கொண்டு வர்றவங்க வேற, உட்கார்ந்து பேச வர்றவங்க வேறன்னு பிரிச்சு வச்சிருக்கிற பங்குகள்ல இது நல்லா நடக்குது. உங்க அன்பியத்துல (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) சொல்லுங்க, மரியாயின் சேனை உங்க பங்குல இருந்தா அவங்ககிட்ட சொல்லுங்க, வீடு சந்திக்கிறதுதான் அவங்க வாராந்திர வேலையே.

அதோட நீங்களும் ஒண்ணு செய்யலாமேன்னு தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது வருஷம் பாடினவங்க நீங்க, உங்க குரலுக்கு இடுப்பு எலும்பு தேவையில்ல. உங்களை மாதிரியே வீட்ல இருக்கிற நாலு பேரோட நம்பரை பங்குல கேட்டு வாங்கி, தினம் ஒருத்தருக்கு போன் பண்ணி ஒரு பாட்டு பாடிட்டு வைங்க. புதுசா பாடகர் குழுவுல சேர்ந்த பிள்ளைகளை உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லி பழைய பாட்டு மெட்டு சொல்லிக் கொடுங்க. பெரம்பூர் லூர்து மாதா திருவிழா பிப்ரவரி 11, அதே நாளைத்தான் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் உலக நோயாளர் தினமா 1992-ல அறிவிச்சார், 1993-ல இருந்து கொண்டாடுறாங்க. அன்னைக்கு வேனோ ஆட்டோவோ வச்சு நோயாளிகளைப் பூசைக்குக் கூட்டிட்டு வர உங்க பங்குல ஏற்பாடு இருக்கான்னு இப்பவே கேட்டு வைங்க.

கேள்வி: அப்பா சீரியஸா ஐசியூல இருக்கார். ஃபாதரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் கொடுக்கலாம்னா அம்மா "ஐயோ அவஸ்தைப்பூசுதலா, அவர் பயந்துடுவார்"னு தடுக்கிறாங்க.
– வாசகர், ராயபுரம்

பதில்: நோயில்பூசுதல்னா நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறது, பழைய பேர்தான் அவஸ்தைப்பூசுதல். சாகுற நேரத்துக்கு மட்டும்னு இருந்த அந்த எண்ணத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கமே மாத்திடுச்சு, 1972-ல சடங்கு முறையும் புதுசாச்சு. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி, கடுமையான நோயில, வயசாகித் தளர்ந்தப்போ எல்லாம் கொடுக்கலாம், குணமாகி மறுபடி விழுந்தாலோ அதே நோய் முத்தினாலோ திரும்பவும் கொடுக்கலாம். ஆனா குருவானவர்தான் கொடுக்க முடியும், விசிட் போற பொதுநிலையினர் கொடுக்க முடியாது. அப்பா நினைவோட இருக்கும்போதே கூப்பிடுங்க, அவரும் சேர்ந்து ஜெபிக்கலாம். அம்மாகிட்ட பங்குத்தந்தையையே போன்ல பேச வைங்க, நீங்க சொல்றதை விட அவர் சொன்னா கேட்பாங்க. ஐசியூவுக்கு வெளியாளை விட மாட்டாங்கன்னு தயங்காதீங்க, டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டா ஒருத்தரை அஞ்சு நிமிஷம் விடுவாங்க. சிஎஸ்ஐ வாசகர்கள் கேட்டா, உங்க ஆயரும் (பாஸ்டர்) வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து திருவிருந்து கொடுப்பார், யாக்கோபு 5-ம் அதிகாரத்துல இருக்கிறபடி எண்ணெய் பூசி ஜெபிப்பார், நீங்கதான் தகவல் சொல்லணும், யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சு எல்லாரும் சும்மா இருந்துடறோம்.

கேள்வி: நான் பார்க்கப் போற ஒரு அம்மாவுக்கு கேன்சர். வீட்ல அவங்ககிட்ட சொல்லல, அல்சர்னு சொல்லி வச்சிருக்காங்க. என்னைத் தனியா கையைப் பிடிச்சு "உண்மையைச் சொல்லு, எனக்கு அந்த வியாதிதானே"ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?
– வாசகி, பல்லாவரம்

பதில்: கஷ்டமான இடம் இது. நீங்களா நோய் பேரைச் சொல்லக் கூடாது, அது உங்க வேலை இல்ல, அதே சமயம் "சேச்சே அதெல்லாம் இல்லம்மா"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, ஏன்னா உண்மை தெரியுற அன்னைக்கு உங்களை அவங்க நம்ப மாட்டாங்க, அவங்க மனசு விட்டுப் பேச இருந்த ஒரே ஆளையும் இழந்துடுவாங்க. "உங்களுக்கு என்னம்மா தோணுது, டாக்டர் என்ன சொன்னார்"னு திருப்பிக் கேளுங்க. கேட்டுட்டு அமைதியா இருங்க. பெரும்பாலும் அவங்களுக்குத் தெரியும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வாசல்ல இறங்கினவங்களுக்கு போர்டு கண்ணுல படாமலா இருக்கும், தமிழ் படிக்கத் தெரிஞ்ச மனுஷிதானே. வீட்ல இருக்கிறவங்க தாங்க மாட்டாங்கன்னு அவங்க தெரியாத மாதிரி நடிப்பாங்க, அவங்க தாங்க மாட்டாங்கன்னு வீட்ல நடிப்பாங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா அழுதுக்கிட்டு இருப்பாங்க. மகனையோ மகளையோ தனியா கூப்பிட்டு "அம்மா என்கிட்ட கேட்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் போல, டாக்டரை வச்சு ஒரு தடவை பேசிடுங்க"ன்னு சொல்லுங்க. சொல்ல வேண்டியது அவங்க, எப்படிச் சொல்றதுன்னு டாக்டருக்குத் தெரியும்.

இந்த இடத்துல இன்னொண்ணையும் கண்டிப்பா சொல்லணும். ஜெபத்துல சுகமாயிட்டீங்க, இனி மாத்திரை வேண்டாம்னு எந்த வீட்லயும் யாரும் சொல்லக் கூடாது, அப்படிச் சொல்றவர் எவ்ளோ பெரிய ஊழியரா இருந்தாலும் சரி. சுகம் கிடைக்கலேன்னா உங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றதும் கொடுமை. ஏற்கனவே வலியில இருக்கிறவங்க தலையில குற்ற உணர்ச்சியையும் சேர்த்து ஏத்தி வச்சுட்டு வர நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கல.

கேள்வி: எங்க விசிட் டீம் போற வீட்லயெல்லாம் போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குரூப்ல போடுறோம், எல்லாரும் ஜெபிக்கணும்னுதான். ஒரு குடும்பம் கோவிச்சுக்கிட்டாங்க.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கோவிச்சுக்கிட்டது சரிதான். மூக்குல டியூபோட, கலைஞ்ச தலையோட, யூரின் பேக் தெரிய ஒருத்தரைப் படம் எடுத்து முந்நூறு பேர் பார்க்கப் போடுறது எந்த வகையில ஜெபம்? போட்டோவே வேண்டாம். ஜெபக் குறிப்பு போடணும்னா அவங்ககிட்டயே கேளுங்க, பேர் போடலாமா, நோய் சொல்லலாமான்னு. வேண்டாம்னா "சுகவீனமா இருக்கிற ஒரு சகோதரிக்காக" போதும், கடவுளுக்கு யாருன்னு தெரியும். கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கிற வீட்ல அம்மாவுக்கு மனநோய்னு குரூப்ல வந்துடுச்சுன்னா அந்தக் குடும்பம் படுற பாட்டை யோசிச்சுப் பாருங்க. எச்ஐவின்னா சம்மதம் இல்லாம வெளியில சொல்றது 2017-ல வந்த சட்டப்படியே தப்பு. அந்த வீட்ல பார்த்தது கேட்டது எதுவும் உங்க வீட்டம்மா வரைக்கும் கூட வரக் கூடாது.

கேள்வி: தனியா இருக்கிற ஒரு பெரியவர் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து பென்ஷன் எடுத்துட்டு வரச் சொல்றார். நல்ல மனுஷன், மறுக்க முடியல.
– வாசகர், கொளத்தூர்

பதில்: அன்பா மறுத்துடுங்க. கார்டு, ஓடிபி, வீட்டுச் சாவி, உயில்ல சாட்சிக் கையெழுத்து எதுவும் வேண்டாம், நாளைக்கு நூறு ரூபாய் குறைஞ்சாலும் உங்க பேர்தான் வரும், அந்த ஒரு பேச்சுக்கே மொத்த டீமும் நின்னு போகும். அவர் கூட பேங்குக்கு ஆட்டோவுல துணையா போங்க. பணக் கஷ்டம்னா உங்க கையில இருந்து கொடுக்காம பங்குத்தந்தைகிட்டயோ ஆயர்கிட்டயோ சொல்லி சபை மூலமா செய்யுங்க. அவரை யாராவது மிரட்டிப் பணம் பிடுங்குறாங்க, சாப்பாடு போடாம விடுறாங்கன்னு தெரிஞ்சா அதை ரகசியம்னு மூடி வைக்காதீங்க, முதியோர் உதவி எண் 14567, காலையில 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் எடுப்பாங்க. பெத்தவங்களைக் கவனிக்காத பிள்ளைங்க மேல 2007 சட்டத்துல கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கவும் வழி இருக்கு, ஆனா அதை அவர் சம்மதத்தோட சபைப் பெரியவங்களை வச்சு செய்யுங்க.

கேள்வி: நான் போற ஒரு டீச்சரம்மாவுக்கு மறதி நோய். ஒவ்வொரு தடவையும் நான் யாருன்னு கேட்கிறாங்க, வந்ததையே மறந்துடறாங்க. இனிமே போறதுல அர்த்தம் இருக்கா அக்கா?
– வாசகி, கீழ்ப்பாக்கம்

பதில்: போங்கம்மா, நிறுத்திடாதீங்க. உள்ள நுழைஞ்சதும் "என்னைத் தெரியுதா டீச்சர்"னு மட்டும் கேட்காதீங்க, அது அவங்களுக்குப் பரீட்சை மாதிரி ஆயிடும், தெரியலேன்னா கூனிக் குறுகிப் போவாங்க. நீங்களே "டீச்சர், நான் இன்னார், சர்ச்ல இருந்து வந்திருக்கேன்"னு ஆரம்பிங்க, ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க. செத்துப்போன வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வந்துட்டாரான்னு கேட்டா திருத்தாதீங்க, ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுவாங்க, அவரைப் பத்தி ஏதாவது சொல்லச் சொல்லுங்க. நேத்து நடந்தது போனாலும் சின்ன வயசுல பாடினது அவ்ளோ சீக்கிரம் போகாது, பேச்சே குறைஞ்சு போனவங்க கூட பழைய ஞாயித்துக்கிழமைப் பாட்டை முதல் அடி எடுத்துக் கொடுத்தா மூணு சரணமும் வார்த்தை தப்பாம பாடுவாங்க. ஒரே கிழமை, ஒரே நேரம், முடிஞ்சா ஒரே சேர்ல போய் உட்காருங்க. பேர் ஞாபகம் இல்லேன்னாலும் நீங்க போன அன்னைக்கு சாயங்காலம் அவங்க அமைதியா இருக்காங்களான்னு வீட்ல கேட்டுப் பாருங்க, அவங்க சொல்லுவாங்க அர்த்தம் இருக்கா இல்லையான்னு. திடீர்னு ஒரு நாள் வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினா அதை மறதி நோய்னு நினைச்சுடாதீங்க, அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு.

கேள்வி: எதிர் வீட்டுப் பாட்டி தனியா இருக்காங்க, இந்து. சர்ச் டீமா அவங்களையும் பார்க்கலாமா, மதம் மாத்த வர்றோம்னு நினைச்சுடுவாங்களோன்னு பயம்.
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: டீமா போக வேண்டாம், பக்கத்து வீட்டுப் பொண்ணா போங்க. பைபிள் கையில வேண்டாம், அவங்களா கேட்காம ஜெபமும் வேண்டாம். மருந்து வாங்கிக் கொடுங்க, கரண்ட் பில் கட்டிக் கொடுங்க, அவங்களோட உட்கார்ந்து ஒரு காபி குடிங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு ஆரம்பிச்சாங்க, பாட்டி பேர் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு உங்க ரேஷன் கடையில கேட்டுட்டு வந்து சொல்லுங்க.